என் பெயரை அழைப்பிதழிலிருந்து எடுத்துவிடுங்கள்



இது நீண்ட பதிவு. ஒற்றை விரலால் மூன்று ராத்திரி தட்டியிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். (எங்கள் பிழையை நீங்கள் என்றைக்குப் பொறுத்தீர்கள் என்று கேட்பீர்கள். அதுவும் சரிதான்.) முழுதும் படிக்காமல் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போக வேண்டாம்.

2000ஆம் ஆண்டில் எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் 25 ஆண்டு நிறைவுக்கு ஒரு சந்திப்பு ஏற்பாடு செய்கிறார்கள். அழைப்பிதழ் மாதிரி போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்தது. என் பெயர் மேலே, தடித்த எழுத்தில், 'எங்கள் அறிவுக்கண் திறந்த ஆசான்' என்ற அடைமொழியோடு. பொய் சொல்ல மாட்டேன், படித்ததும் மனசு குளிர்ந்தது. கீழே மாணவர் பட்டியல். பழக்கதோஷம், எண்ணினேன். 41 பேர். அந்த வகுப்பில் 42 பேர். இறந்துபோன இரண்டு பேருக்கும் 'அமரர்' என்று போட்டுப் பெயர் இருக்கிறது. உயிரோடு இருக்கிற ஒருவன் பெயர் இல்லை.

யார் என்று அந்த வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இப்படி எழுதலாமா என்று கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். அவன் படத்தை ஐந்து குழுக்களில் சுற்றவிட்டவர்கள் யாரும் அவனிடம் கேட்கவில்லை.

படம் என்னவென்றால், சென்னையில் ஜூன் மாதம் நடக்கும் வானவில் சுயமரியாதைப் பேரணியில் எடுத்தது. இவன் இன்னொரு ஆணின் கையைப் பிடித்துக்கொண்டு, வண்ணக் கொடியோடு, சிரித்துக்கொண்டு நடக்கிறான். பெயர் ஏன் விட்டுப்போனது என்று நான் கேட்டதற்கு ஏற்பாட்டாளர் குரல்பதிவு அனுப்பினார். "சார், திருநங்கைன்னாக்கூட பரவாயில்ல சார், சாமி படைச்சது. இவன் ஆம்பளையா இருந்துக்கிட்டு ஆம்பளைகூட... நாங்க பேமிலியோட வர்றோம் சார். நம்ம ஊருக்குன்னு ஒரு பண்பாடு இருக்குல்ல?"

அதே படம் எங்கள் சொந்தக்காரர்கள் குழுவுக்கும் வந்தது. என் தம்பி மகன் அதற்குக் கீழே எழுதினான்: "இதுக்கு ஒரு சங்கம், அதுக்கு ஒரு ஊர்வலம். இதுல பெருமைப்பட என்ன இருக்கு?" பதினான்கு பேர் சிரித்திருந்தார்கள். அதில் மூன்று பேர் என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவர்கள்.

முதலில் தம்பி மகனுக்குப் பதில். பெருமை என்று அவர்கள் சொல்லவே இல்லையடா. பேரணியின் பெயரைச் சரியாகப் படி. ஆங்கிலத்தில் 'ப்ரைட்' என்கிறார்கள். அதைத் தமிழில் பெருமை என்றோ கர்வம் என்றோ மாற்றியிருக்கலாம். சென்னையில் 2009 ஜூன் மாதம் மெரினாவில் முதல் பேரணி போன காலத்திலேயே அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் 'சுயமரியாதை'. நான் எத்தனையோ மொழிபெயர்ப்புக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். இதற்கு முழு மதிப்பெண்.

அந்தச் சொல் நம் வீட்டுச் சொல். உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றால் நான் சொல்கிறேன். சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு 1929இல் செங்கல்பட்டில் நடந்தது. திண்டிவனத்தில் ரயில் ஏறினால் எவ்வளவு நேரம் ஆகும்? பெயருக்குப் பின்னால் சாதியைப் போடாதே, பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கொடு என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அன்றைக்கும் ஊர் சிரித்தது. பண்பாடு கெட்டுப்போகும் என்றது. உன் தாத்தாவும் ஆயாவும் 1956இல் ஐயர் இல்லாமல், தீ வளர்க்காமல், ஒரு பெரியவர் முன்னிலையில் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்தப் படம் உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நீ அதற்குத் தினமும் ஊதுவத்தி கொளுத்துகிறாய். அது சட்டப்படி கல்யாணமே இல்லை என்பது உனக்குத் தெரியுமா? 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு கல்யாணம் செல்லாது என்றே தீர்ப்புச் சொன்னது. அண்ணா முதலமைச்சராக வந்து 1967இல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தி, ஏற்கெனவே நடந்தவையும் செல்லும் என்று ஆக்கினார். அதுவரை ஏழு வருஷம் நான், உன் பெரியப்பா, சட்டத்தின் கண்ணில் முறையில்லாமல் பிறந்த பிள்ளை. முறையில்லாத குடும்பம் என்று ஊர் சொன்ன குடும்பத்தில் வந்தவன் நீ. இன்னொருவன் முறையைப் பார்த்துச் சிரிக்க உனக்கு என்ன யோக்கியதை?

கொஞ்சம் சூடாகிவிட்டது. இரத்த அழுத்த மாத்திரை போட்டுவிட்டு வந்து தொடர்கிறேன்.

இனி என் கதை. இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரம்மாவைத் தவிர.

1991. வேறொரு வகுப்பு. ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை. பதிவேட்டில் ஆண் என்று இருந்தது. அம்மா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரப் போவார். இருட்டோடு போய் வெயிலில் திரும்புவார். பாதம் முழுக்க உப்புத் தண்ணீர் தின்ற வெடிப்பு. அந்தப் பிள்ளை நடக்கும்போது இடுப்பு அசையும், பேசும்போது கை பேசும், பெண் பிள்ளைகள் பக்கமே உட்காரும். மற்ற பையன்கள் கேலி செய்தார்கள். கேலியை நிறுத்த வேண்டிய நான் என்ன செய்தேன்? மைதானத்தில் சுண்ணாம்பால் நீளமாக ஒரு கோடு போட்டு, "ஆம்பளை மாதிரி இது மேல நட" என்றேன். நடந்தது. சரியில்லை, திரும்ப நட. திரும்ப நட. பத்துத் தடவைக்கு மேல் இருக்கும். வகுப்பே வராண்டாவில் நின்று பார்த்தது. நானும் சிரித்தேன். கையில் குச்சியும் இருந்தது.

இத்தனைக்கும் ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தப் பிள்ளையின் நன்மைக்குத்தான் செய்கிறேன் என்று மனசார நம்பினேன். காலாண்டு விடுமுறை முடிந்து அது பள்ளிக்கு வரவில்லை. கொஞ்ச நாள் சிவப்பு மையில் சுழி போட்டேன். பிறகு நீக்கல் பதிவு. காரணம் என்ற கட்டத்தில் 'ஊரைவிட்டுச் சென்றது' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாகவே இருக்கும்.

2012இல் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நிற்கிறேன். இரண்டு திருநங்கைகள் கை தட்டிக்கொண்டு வருகிறார்கள். அதில் இளையவள் என்னைப் பார்த்ததும் நின்றாள். "சார், என்னைத் தெரியுதா? கோட்டு மேல நடக்க வெச்சீங்களே." கோபமாகச் சொல்லவில்லை. வாய்ப்பாடு சொல்வது போலச் சொன்னாள். எனக்கு நாக்கு எழவில்லை. பழக்கத்தில் கை சட்டைப்பைக்குப் போய் இருபது ரூபாயை எடுத்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட வாங்க மாட்டேன் சார்" என்றாள். பிறகு கேட்டாள்: "எங்கம்மா நல்லா இருக்குதா சார்? ஊர்ப்பக்கம் வந்தா வெட்டிடுவேன்னு அண்ணன் சொல்லிட்டான்."

அந்த அம்மா செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கருமாதிக்கு நான் போயிருந்தேன், சாப்பிட்டேன். இந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்று அண்ணனுக்குத் தோன்றவில்லை, மாமனுக்குத் தோன்றவில்லை, ஊருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. 'மரக்காணம், மரக்காணம்' என்று நடத்துநர் கத்துகிற சத்தத்தின் நடுவில் நான்தான் சொன்னேன். அவள் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கூட வந்த மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாத்தியாரா? நீங்க பஸ்ஸைப் புடிங்க சார். நான் பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு நான்கு வருஷம் சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழாச் சமயத்தில் விழுப்புரத்துக்குப் போய்த் தேடியிருக்கிறேன். கண்ணில் படவில்லை.

நம் ஊருக்கு ஒரு பண்பாடு இருக்கிறது என்று குரல்பதிவில் சொன்னாயே, தம்பி. அந்தப் பிள்ளைக்கு அண்ணன் இருந்தான், தாய்மாமன் இருந்தார், பஞ்சாயத்தார் இருந்தார்கள், வாத்தியார் நான் இருந்தேன். 'நான் பாத்துக்கறேன்' என்று ஒரு வாய் சொல்லவில்லை. சொன்னவர் இரத்த உறவு இல்லாத ஒரு மூத்த திருநங்கை. அவர்களுக்குள் மூத்தவர் இளையவரை மகளாகத் தத்தெடுத்துக்கொள்கிறார்கள், அம்மா என்றும் ஆயா என்றும் முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள். காய்ச்சலுக்குக் கஞ்சி வைப்பதும் செத்தால் தூக்குவதும் அந்த முறைக்காரர்களே. நம் முறைக்காரர்கள் கைவிட்டதால் அவர்கள் முறை உண்டாக்கிக்கொண்டார்கள். இதற்கு எதற்குச் சங்கம் என்று கேட்கிறீர்களே, இதற்குத்தான் சங்கம்.

படத்தில் இருக்கும் நம் பையன் திருநங்கை இல்லை. ஆணை விரும்பும் ஆண். திருநங்கைக்காவது நம் பக்கம் ஒரு கோயில் இருக்கிறது, ஒரு கதை இருக்கிறது. இவனைப் போன்றவர்களுக்கு அதுவும் கிடையாது. இவன் கல்லூரிக் காலத்தில் ஒரு ராத்திரி எடுக்க இருந்த முடிவைப் பற்றி என்னிடம் சொன்னான். அதை எழுத மாட்டேன். மறுநாள் பிரவுசிங் சென்டரில் சென்னையில் இருக்கும் ஒரு குழுவின் பக்கம் கண்ணில் பட்டு, எழுதிப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வா என்று பதில் வந்து, போயிருக்கிறான். அங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "ஒன்னும் செய்யல சார். டீ குடுத்தாங்க. சாப்ட்டியான்னு கேட்டாங்க. எனக்கு முன்னாடியே இதே மாதிரி நாலு பேரு உக்காந்திருந்தாங்க" என்றான்.

இந்தக் குழுக்களைப் பற்றி அவன் அனுப்பியதையெல்லாம் படித்தேன். கண்ணாடியை மாற்ற வேண்டும், அது வேறு விஷயம். சென்னையில் சகோதரன் 1998இல் தொடங்கியது. எய்ட்ஸ் என்றாலே ஆளை வீதியில் விட்ட காலம் அது. ஓரினம் 2003இல் தொடங்கியது. அது தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துவது. தமிழிலும் எழுதுகிறார்கள், பெற்றோருக்காக எழுதுகிறார்கள். வெளிநாட்டுக் காசில் நடக்கும் கூத்து என்று நம் குழுவில் எழுதியவர்கள் கவனிக்க: இந்தியாவில் இப்படிப்பட்ட முதல் நடைப்பயணம் 1999இல் கொல்கத்தாவில் நடந்தபோது வந்தவர்கள் 15 பேர். காசு கொடுத்துக் கூட்டம் சேர்த்தால் பதினைந்து பேரா வருவார்கள்? நம் ஊர் வார்டு தேர்தலுக்கே அதைவிடக் கூட்டம் வரும். 2011இல் உச்ச நீதிமன்றத்தில் தங்கள் பிள்ளைகளுக்காக மனுப் போட்டவர்கள் 19 பெற்றோர். அப்பா அம்மாக்கள், நம்மைப் போல வயதானவர்கள். நம் பிள்ளைகளைக் குற்றவாளி ஆக்காதீர்கள் என்று படியேறினார்கள். எந்தப் பண்பாட்டில் பெற்றவர்கள் பிள்ளைக்காகப் படியேறுகிறார்களோ அது எனக்குப் போதும்.

அவர்களையும் நான் புனிதர் ஆக்க மாட்டேன். சென்னைக் குழுக்களின் பேச்சில் ஆங்கிலம் அதிகம். எல், ஜி, பி, டி என்று அந்த எழுத்து வரிசையை நானே ஒரு வாரம் மனப்பாடம் செய்தேன், இன்னும் நடுவில் தடுக்குகிறது. உப்பளத்துப் பிள்ளைக்கு அது எங்கே எட்டும்? திண்டிவனத்தில் ஒரு மாடி அறை எடுத்து, மாதம் ஒரு ஞாயிறு உட்கார்ந்தால் புண்ணியமாகப் போகும். திருநங்கைகளின் ஜமாத்திலும் மூத்தவருக்குக் கட்டுப்பட்டுச் சம்பாத்தியத்தைக் கொடுக்கிற கட்டாயம் உண்டு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். குறை இருக்கிறது. ஆனால் குறை சொல்லும் உரிமை கை கொடுத்தவனுக்கு உண்டு, கழுத்தைப் பிடித்துத் தள்ளியவனுக்குக் கிடையாது.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று ஒரு பேச்சு. நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊரில் எல்லாம் பாரதம் படிக்கிறோம், கூத்து விடுகிறோம், அரவான் களப்பலி நடத்துகிறோம். சாகப் போகிறவனுக்கு ஒரு ராத்திரி பெண்டாட்டியாக யாரும் வராதபோது கிருஷ்ணரே பெண்ணாகி வந்தார் என்று பிரசங்கியார் சொல்லும்போது கைகூப்பிக் கேட்கிறோம். ராத்திரி பத்து மணிக்குப் பாஞ்சாலி வேஷம் கட்டி வருகிற ஆணுக்குச் சூடம் காட்டுகிறோம், நம் வீட்டுப் பெண்கள் காலில் விழுகிறார்கள். விடிந்ததும் அதே ஆள் டீக்கடையில் கொஞ்சம் நளினமாகக் கையை அசைத்தால் சிரிக்கிறோம். இதில் எது மேல்நாட்டிலிருந்து வந்தது? நம் பெருமுக்கல் மலைமேல் பாறையில் கீறிய கோடுகளைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது என்று நாமும் பெருமையாக வழிகாட்டிக் கூட்டிப்போகிறோம். அதைக் கீறியவன் யாரைக் கட்டிக்கொண்டான், யாரோடு வாழ்ந்தான் என்று யாருக்குத் தெரியும்? காலங்காலமான வழக்கம் என்று நாம் சொல்வதில் பாதி என் தாத்தா காலத்துக்கு மேல் போகாது.

இன்னொன்று. சந்திப்புக் குழுவில் ஒருவர் 'அது வந்தால் நான் வரவில்லை' என்று எழுதியிருக்கிறார். அது. முப்பத்தைந்து வருஷம் தமிழ் நடத்தியவன் கண்ணில் இதைக் காட்டலாமா? திணை வழு. ஆண்மை திரிந்தவர் என்று தான் குறிப்பவர்களையே தொல்காப்பியர் உயர்திணையில் வைத்தார். அதுவும் எங்கே? தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களோடு ஒரே நூற்பாவில். பின்னால் வந்த நன்னூலார் அஃறிணை போலவும் வரலாம் என்று இடம் கொடுத்துவிட்டார். அந்த இடத்தில் நான் தொல்காப்பியர் கட்சி. இந்தப் பையனோ அந்த இலக்கணத்துக்குள்ளேயே வராதவன், உங்களைப் போல ஓர் ஆண். அவனை 'அது' என்று எழுதியவருக்கு மதிப்பெண் பூஜ்யம். அவர் இப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியர் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பிள்ளைகள் பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்கிறீர்கள். பார்த்தே ஒன்று தொற்றும் என்றால், என் கையெழுத்தைக் கரும்பலகையில் பார்த்த ஆயிரக்கணக்கான பேரில் நூறு பேருக்காவது கையெழுத்து உருப்பட்டிருக்க வேண்டும். அந்த 1991 பிள்ளை யாரைப் பார்த்து அப்படி நடந்தது? ஊரில் அப்படி ஒருவரும் இல்லை, டிவிகூட நாலு வீட்டில் மட்டும் இருந்தது. கோடு போட்டு மாற்றிவிடலாம் என்று முயன்ற ஒருவன் சொல்கிறேன், மாறாது. பிள்ளைதான் தொலையும்.

உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்களிடம் 2021இல் ஒரு வழக்கு வந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து இரண்டு இளம்பெண்கள், சேர்ந்து வாழ வேண்டும் என்று சென்னைக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தது ஒரு தன்னார்வ அமைப்பு. பெற்றோர் காணவில்லை என்று புகார், போலீஸ் தேடல். நீதிபதி என்ன செய்தார் தெரியுமா? எனக்கே இதைப் பற்றிச் சரியாகத் தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் மாணவன் மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான், ஜூன் 7ஆம் தேதி, விரிவாக உத்தரவு போட்டார். போலீஸ் தொல்லை கொடுக்கக் கூடாது, 'குணப்படுத்துகிறேன்' என்று மருந்தோ மந்திரமோ செய்யக் கூடாது, பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று. 2022இல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளைத் திருத்தி, இவர்களையும் இவர்களுக்காக வேலை செய்யும் அமைப்புகளையும் துன்புறுத்தக் கூடாது என்று சேர்த்தது. எந்தச் சொல்லால் குறிப்பிட வேண்டும் என்று அரசிதழில் சொற்பட்டியலே வந்துவிட்டது. உயர் நீதிமன்ற நீதிபதி தெரியாது என்று ஒப்புக்கொண்டு படிக்கிறார். எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழு எல்லாம் தெரிந்ததாகப் பேசுகிறது.

சட்டம் எல்லாம் அவர்களுக்கு வந்து குவிந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். 2018 செப்டம்பரில் குற்றம் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். 2023 அக்டோபரில் கல்யாணம் என்று கேட்டபோது மறுத்துவிட்டது. எங்கள் அப்பா அம்மா 1956இல் நின்ற அதே இடத்தில்தான் இந்தப் பையனும் அவன் கைபிடித்து நிற்பவரும் இன்று நிற்கிறார்கள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கில், பெண்ணை விரும்பிய பெண்ணை வீட்டார் பிடித்து வைத்திருந்த வழக்கு, இரு நீதிபதிகள் அமர்வு அவளை விடுவித்துச் சொன்னது: கல்யாணம் ஒன்றே குடும்பத்துக்கு வழி இல்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே. திண்டிவனம் பேருந்து நிலையப் படிக்கட்டில் பதின்மூன்று வருஷத்துக்கு முன்பே நான் பார்த்த தீர்ப்பு அது.

பையன் நல்லவன், அப்பாவின் வைத்தியச் செலவு முழுக்க அவன் பார்க்கிறான், தங்கை கல்யாணத்தை நடத்தினான் என்று இரண்டு பத்தி எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். நல்லவனாக இருந்தால்தான் பட்டியலில் பெயர் போடுவீர்களா? உங்கள் 41 பேரில் சாராயக் கேஸில் உள்ளே போய் வந்தவன் பெயர் இருக்கிறது. பெண்டாட்டியை அடித்து மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் பெயர் இருக்கிறது. நான்தான் அவனுக்காகப் போய் நின்றேன். அவர்கள் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மாணவர்கள். ஆனால் அவர்கள் வந்தால் கெடாத உங்கள் பேமிலி இவன் வந்தால் கெட்டுவிடும் என்பது எந்தக் கணக்கு? குடும்ப மானம், குடும்ப மானம் என்று பேசிப் பேசித்தானே 2003இல் விருத்தாசலம் பக்கத்தில் கண்ணகிக்கும் முருகேசனுக்கும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள்? அவர்கள் ஆணும் பெண்ணும்தான். சாதி வேறு, அவ்வளவே. இந்த மானத்துக்குப் பசி எடுத்தால் யாரையும் தின்னும். இன்று அவனைத் தின்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வீட்டிலும் வயசுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என்னிடம் ஒரு உறவுக்காரப் பெண் போன மாதம் தனியாகக் கேட்டாள்: "மாமா, என் பையன் இப்படி இருப்பானோன்னு பயமா இருக்கு, திண்டிவனத்துல நல்ல டாக்டர் யாராவது சொல்லுங்க." அவள் யார் என்று யூகிக்க முயல வேண்டாம். டாக்டர் வேண்டாம், அவனை நீ எப்போதும் போலச் சாப்பிடக் கூப்பிடு என்றேன். அவள் அந்தப் பதினான்கு பேர் சிரித்ததைப் பார்த்துவிட்டுக் குழுவிலிருந்து சத்தமில்லாமல் விலகிவிட்டாள். கவனித்தீர்களா?

சந்திப்பு ஏற்பாட்டாளர்களுக்கு இது. 42ஆவது பெயரைச் சேருங்கள். கடைசியில் ஒட்டுப்போட வேண்டாம், வருகைப் பதிவேட்டு வரிசையில் அவன் 17, அந்த இடத்தில் வர வேண்டும். ஏற்பாட்டாளரே நேரில் அல்லது போனில் அவனைக் கூப்பிட வேண்டும், குழுவில் செய்தி போட்டால் போதாது. வருவதும் வராததும் அவன் விருப்பம். எல்லோரும் பேமிலியோடு வருவதாக முடிவு என்றால் அவனுக்கும் அதே முடிவுதான், இரண்டு சாப்பாடு சேர்த்துச் சொல்லுங்கள். சமையல்காரருக்கு வெள்ளிக்கிழமைக்குள் எண்ணிக்கை சொல்ல வேண்டும் என்று கேள்விப்பட்டேன்.

முடியாது என்றால் மேலே இருக்கும் என் பெயரை எடுத்துவிடுங்கள். சால்வையும் கேடயமும் வாங்கியாகிவிட்டது என்றால் வேறு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு நான் மலைக் கோயிலுக்குப் போய்விட்டு வீட்டில் இருப்பேன், என்னைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அங்கே வரலாம். தம்பி மகனும் வரலாம், திட்ட மாட்டேன். வரும்போது கூடத்தில் இருக்கும் தாத்தா ஆயா கல்யாணப் படத்தைக் கழற்றி எடுத்து வா. பின்பக்கம் அப்பா கைப்பட எழுதியது இருக்கிறது, நீ படித்திருக்க மாட்டாய்.

அச்சுக்குப் போகும் முன் மாதிரியை எனக்கு அனுப்புங்கள். எண்ணிப் பார்ப்பேன்.

— உங்கள் சார், பெருமுக்கல்